புளியங்கொட்டையில் எண்ணிய ரயில்கள்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் எங்கள் தேவாலயத்து வாலிபர் சங்கம் ஒரு கணக்கெடுப்புக்கு ஆள் தேடியபோது, அந்தக் கையெழுத்துக்காகத்தான் என்னைப் பிடித்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. பி.யூ.சி. முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். என்னை வெளியே அனுப்ப ஒரு காரணம் கிடைத்ததில் அம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம்.

விஷயம் இதுதான். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைபொருள்களை ஏலம் விட்டுச் சேர்ந்த பணத்தைக் கொண்டு, தண்ணீருக்குத் தவிக்கும் ஓர் இடத்தில் கிணறு வெட்டித் தருவதாகச் சங்கம் முடிவு செய்திருந்தது. ஒரே ஒரு கிணறு. இரண்டு இடங்கள் பேச்சில் அடிபட்டன. ஒன்று, குரோம்பேட்டையில் கூலி வேலைக்காரர்கள் இருந்த ஒரு தெரு. இன்னொன்று, அஸ்தினாபுரம் போகும் வண்டித்தடத்திலிருந்து பிரிந்து போனால், ஏரிக்கரையோரம் பதினொரு குடிசைகளாக இருந்த இருளர் குடியிருப்பு.

சங்கச் செயலாளர் கோட்டைப் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவோம். தினமும் மின்சார வண்டியில் போய் வருவார். காலை வண்டி மூன்று நிமிஷம் தாமதமானால் அதைச் சட்டைப்பை டைரியில் குறித்து வைப்பார். “இரக்கப்பட்டு வெட்டினா தப்பான இடத்துல வெட்டிடுவோம்மா. விவரம் வேணும்” என்று சொல்லி, முப்பத்திரண்டு கேள்விகளை என்னிடம் கொடுத்தார். நான் அவற்றை ஸ்டென்சிலில் குண்டு குண்டாக எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, அட்டையில் செருகிக்கொண்டு, லேடீஸ் சைக்கிளில் கிளம்பினேன். கலெக்டர்கூட அவ்வளவு மிடுக்காகப் போயிருக்க மாட்டார்.

கூலிக்காரர் தெரு ஒரே நாளில் முடிந்தது. இருளர் குடியிருப்பில் நான் போன நேரத்தில் பாதிப்பேர் வயலுக்கு எலி பிடிக்கவும் விறகுக்கும் போயிருந்தார்கள். இருந்தவர்களிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். நிலம் உண்டா? இல்லை. மாடு? இல்லை. ரேஷன் கார்டு? இல்லை. கடிகாரம்? ரேடியோ? மிதிவண்டி? நானும் சளைக்காமல் இல்லை, இல்லை என்று அழகாக எழுதிக்கொண்டே போனேன். நான்காவது குடிசை வாசலில், என் வயதே இருக்கும் ஒரு பெண், தோளில் ஒரு குழந்தையைப் போட்டுக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து என் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்தாள்.

“எக்கா, இல்ல இல்லன்னு எழுதி எழுதி உனுக்குக் கை நோவல? இருக்கறத எப்பக் கேப்ப?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கேள்வி நான் போட்டது இல்லை” என்றேன். ஸ்டென்சில் எடுத்தபோது ஊரெல்லாம் நான் போட்ட கேள்வி என்று பீற்றிக்கொண்டவள்தான் நான்.

“யாரு போட்டா இன்னா. இங்க வந்து பாக்காதவங்க போட்டது” என்றாள் அவள்.

பதினேழாவது கேள்வி தண்ணீரைப் பற்றியது. குடிநீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், எவ்வளவு தூரம். எல்லோரும் ஒரே குரலில், “ஏரியில” என்றார்கள். ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதையும் எழுதினேன். அந்தப் பெண் அப்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

ஜெபக்கூடத்து மேசையில் சார் விவரங்களைத் தொகுத்தார். கூலிக்காரர் தெருவில் தெருமுனையில் ஒரு கிணறு, சேந்த வரிசை நிற்க வேண்டும். இருளர்களுக்கோ பக்கத்திலேயே ஏரி. “அப்ப இந்தத் தெருதான். ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை கமிட்டியில சொல்லிடலாம்” என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. எனக்குக் கவலையெல்லாம் அந்தக் குடியிருப்பில் மறந்து விட்டுவிட்டு வந்த என் குடையைப் பற்றித்தான்.

மறுநாள் குடைக்காகப் போனேன். வண்டித்தடத்தில் எதிரே அந்தப் பெண் வந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இரண்டும் நிறைகுடம். ஆனால் அவள் வந்தது ஏரிப் பக்கமிருந்து இல்லை. ஏரிக்கு நேர் எதிர்ப்பக்கமிருந்து.

“ஏரி அந்தப் பக்கம்தானே?” என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு எப்போதும் வாய் துறுதுறுக்கும்.

அவள் நின்றாள். என் கையில் அட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “எழுதமாட்டியே?” என்றாள்.

மாட்டேன் என்று தலையாட்டினேன். பிறகு சொன்னாள். ஏரியில் மாடு குளிக்கிறது, துணி வெளுக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் குழந்தைகளுக்கு வயிற்றாலே போகிறது. குடிக்கிற தண்ணீர் வருவது தொலைவில் ஒரு தோப்புக் கிணற்றிலிருந்து. தோப்புக்காரருக்குத் தெரியாது. காவல்காரர் மனது வைத்து, முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, வேலிப் படலைத் திறந்துவிடுகிறார். முதலாளி இருந்தால் வேலிக்கு வெளியே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இது நாலு பேருக்குத் தெரிந்தால் காவல்காரர் வேலையும் போகும், தண்ணீரும் போகும். அதனால் கையில் காகிதத்தோடு யார் வந்து கேட்டாலும் பதினொரு குடிசையிலும் ஒரே பதில்தான். ஏரி.

நான் படபடவென்று பொரிந்தேன். “இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்கு வரவேண்டிய கிணறு நழுவிப் போகப் போகிறது தெரியுமா? நான் இப்போதே போய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.”

“எழுதமாட்டேன்னு இப்பத்தான தலையாட்டின?” என்றாள். குரல் ஏறவில்லை, ஆனால் கண் சிவந்திருந்தது. “உன் கெணறு வர்றதுக்கு எத்தினி மாசம் ஆவும்? அதுக்குள்ள படல் மூடிச்சுன்னா எங்க புள்ளைங்க இன்னாத்த குடிக்கும்? அந்த ஆளு வூட்லயும் நாலு புள்ள கீது.”

கீழே இருந்த இடுப்புக் குடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

அவளோடு குடிசைக்குப் போனேன். அவளுடைய அண்ணன், எங்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், எலி வளை தோண்டுகிற கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் தாம்பரம் ரயில்வே யார்டில் மூட்டை தூக்கியவர். தங்கை அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் மழைக்கு மட்டும் ஒதுங்கியவர். இருவருமாக என்னுடைய பதினேழாவது கேள்வியைப் பிரித்து மேய்ந்தார்கள்.

“எங்கன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டான்” என்றார் அண்ணன். “எவ்ளோ நேரம்னு கேளு. அத்த சொல்றதுல ஒர்த்தனுக்கும் பேஜார் இல்ல.”

“நேரம் எப்படிச் சொல்வார்கள்? ஒரு வீட்டிலும் கடிகாரம் இல்லை என்று நான்தானே எழுதியிருக்கிறேன்” என்றேன். பெருந்தன்மையோடு என் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

அவள் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “ஒரு கடியாரத்த வெச்சிகினு பதினோரு வூடு இன்னா பண்றது? வண்டிய எண்ணிட்டாப் போச்சு.”

அப்போதெல்லாம் ஏரிக்கரைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கட்டடம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கரைமேல் ஏறி நின்றால் மின்சார வண்டி போவது தெரியும். ஏறாவிட்டாலும் ஊதல் கேட்கும். வீட்டிலிருந்து குடம் கிளம்பியதிலிருந்து திரும்பி வருகிற வரைக்கும், தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி எத்தனை போயிற்று என்று வீட்டில் இருப்பவர்கள் எண்ண வேண்டும். மறந்து போகாமல் இருக்க, ஒரு வண்டிக்கு ஒரு புளியங்கொட்டை, வீட்டுக்கு ஒரு டின். இதை அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. முப்பத்திரண்டு கேள்வியில் ஒன்றுகூட இவ்வளவு லட்சணமாக இருக்கவில்லை.

ஆனால் அவள் மூன்று நிபந்தனை போட்டாள். தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. டின்கள் அவர்களிடம்தான் இருக்கும். கமிட்டியில் அண்ணனும் அவளும்தான் வந்து சொல்வார்கள். நான் சொல்லக் கூடாது. மூன்றாவது எனக்குக் கொஞ்சம் வலித்தது. நான் நன்றாகப் பேசுவேன் என்று எனக்கு எண்ணம். இருந்தாலும் சரி என்றேன்.

ஞாயிறு பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து பதினொரு பால்பவுடர் டின்களைக் கொண்டுவந்தேன். கொட்டை எங்கள் வீட்டிலிருந்து. அம்மா புளி ஆய்ந்து ஒதுக்கியிருந்ததை ஒரு பை நிறைய அள்ளியபோது, “எதுக்குடி அத அள்ளிட்டு ஓடுற, அங்க போயி பல்லாங்குழி ஆடப் போறியா?” என்று கத்தினாள். “ஆராய்ச்சிம்மா!” என்று கத்திவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

முதல் நாள் ஆராய்ச்சி கந்தல். கொட்டை போடுகிற வேலை குழந்தைகளிடம் வந்துவிட்டது. அவர்களுக்கு அது திருவிழா. ஊதல் கேட்டால் போதும், “வண்டீ!” என்று பதினொரு குடிசையிலிருந்தும் ஒரே கூச்சல், டப் டப் என்று டின்னில் கொட்டை. பீச் வண்டியா, தாம்பரம் வண்டியா, கூட்ஸா, எதுவும் பார்க்கவில்லை. குடம் வீட்டில் கவிழ்ந்து கிடக்கும்போதும் போட்டார்கள். ஒரு பயல் வண்டி வராமலேயே நாலு போட்டு, கேட்டதற்கு, “வரும்ல” என்றான். பொழுது சாய்வதற்குள் எல்லா டின்னும் முக்கால் நிறைந்துவிட்டது.

நான் டின்களைப் பார்த்தேன். இதைக் கொண்டு போனால் கிணறு நிச்சயம். யாருக்குத் தெரியப் போகிறது? மெதுவாக, “இது நமக்கு நல்லதுதானே, இருக்கட்டுமே” என்று சொல்லியும் பார்த்தேன். நான் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பத்துக் கட்டளைகள் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவள் ஒவ்வொரு டின்னாக எடுத்து என் பையில் திரும்பக் கொட்டினாள். “இது பொய்க்கா. உங்க சாரு வந்து ஒரு நாளு குந்திகினு எண்ணினாருன்னா, அப்பறம் நாங்க சொல்ற நெசத்தையும் நம்ப மாட்டாரு.”

அண்ணன் குழந்தைகளைக் கரைமேல் உட்காரவைத்து, யார்டில் கற்ற ஞானத்தையெல்லாம் இறக்கினார். கூட்ஸ் எப்படி இழுத்துக்கொண்டு போகும், எக்ஸ்பிரஸ் எப்படி ஊதும், பீச் வண்டி எந்தப் பக்கம் முகம் காட்டும் என்று நடித்தே காட்டினார். அவர் கூட்ஸ் வண்டியாகப் போனதைப் பார்த்துச் சிரித்து எனக்கு விலா நொந்துபோயிற்று. குடம் கிளம்பும்போது டின்னை வாசலில் வைப்பது, திரும்பியதும் உள்ளே எடுத்துவிடுவது என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். வாசலில் டின் இல்லாவிட்டால் கொட்டை கிடையாது. மறுநாளிலிருந்து ஒரு தப்பும் நடக்கவில்லை. ஏழு நாள் நடந்தது.

ஒரு நாள் நானும் தண்ணீருக்குப் போனேன். முதலாளி தோப்பில் இருந்தார். வேலிக்கு வெளியே ஒரு பனைமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தோம். முப்பத்திரண்டு கேள்வியை அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்டார்கள். நிலம் கீதா? இல்லை, வாடகை வீடு. மாடு? இல்லை. புருஷன்? இல்லை. “இவளுக்கும் எல்லாம் இல்லதான்டி” என்று அவள் சொல்ல, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். வரும் வழியில் என் இடுப்புக் குடம் பாதி என் புடவையில் இறங்கிவிட்டது. அவள் தன் குடத்திலிருந்து ஊற்றி என் குடத்தை நிரப்பினாள். பாதிக் குடத்தோடு வந்தால் அந்தக் குடத்துக்கார வீட்டுக் கணக்கு கெட்டுவிடுமாம். எனக்கு அவளை அப்போதே மிகவும் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. குடியிருப்பிலிருந்து இருவர் வந்து பேசுவார்கள், எட்டு நாள் எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அண்ணன் வெளுத்த சட்டை போட்டிருந்தார். அவள் ஒரு கூடையில் பதினொரு டின்னையும் சுமந்து வந்தாள். நாற்காலி இருந்தும் இருவரும் நின்றார்கள். நான் இழுத்துப் போட்ட பிறகு விளிம்பில் உட்கார்ந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.

சார் தன் தாளைப் பார்த்தார். “ஏரியிலேர்ந்து எடுக்கறதா எழுதியிருக்கே?”

“குளிக்கறதுக்கு சார்” என்றார் அண்ணன். “குடிக்கறதுக்கு வேற எடம்.”

“எந்த இடம்?”

“அத்த சொல்ல மாட்டோம் சார்” என்றாள் அவள்.

சார் பேனாவை மூடினார். “இடம் சொல்லலேன்னா தூரம் எப்படிம்மா தெரியும்? தூரம் தெரியாம நான் என்னன்னு எழுதறது?” கமிட்டியில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். தோப்பு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.

அவள் எழுந்து முதல் டின்னிலிருந்து ஒரு கட்டுத் துணியை எடுத்தாள். ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாகக் கந்தலில் முடிந்து வைத்திருந்தாள். ஒரு முடிச்சை அவிழ்த்து, மேசைமேல் கொட்டைகளை வரிசையாக வைத்தாள். ஏழு கொட்டை.

“இது ஒரு நடை சார். கொடம் பொறப்பட்டு வூடு வர்ற வரைக்கும் பீச்சுக்குப் போன வண்டி. ஒரு கொட்ட, ஒரு வண்டி.”

சார் முன்னால் குனிந்தார். “எந்த வண்டிலேர்ந்து?”

அண்ணன் சொன்னார். “பால்காரரு எறங்கறாரே சார், அதுக்கு அடுத்த வண்டி.”

சாருக்கு அந்த வண்டி தெரியும். அவர் அதில்தான் பத்து வருஷமாக ஏறுகிறார். தானே அந்த வண்டியில் ஏறிவிட்டது போல முதல் கொட்டையின் மேல் விரலை வைத்தார். பிறகு, ஒரு கொட்டைக்குக் கால் மணி என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாக விரலை நகர்த்திக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற குரலில், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று ஸ்டேஷன் பெயர்களாகச் சொல்லிக்கொண்டு போனார். நாலாவது கொட்டைக்குள் பீச் வந்துவிட்டது. அங்கிருந்து திரும்பினார். ஏழாவது கொட்டையில் விரல் நின்றது.

“இந்த நேரத்துல நான் பீச்சுக்கே போயிட்டுத் தாம்பரம் திரும்பி வந்துடுவேனேம்மா” என்றார்.

“நீங்க வந்துருவீங்க சார்” என்றாள் அவள். “அதுக்குள்ள எங்க வூட்டுக்கு ரெண்டு கொடம் தண்ணி வரும்.”

அவள் அடுத்த முடிச்சை அவிழ்த்தாள். ஆறு. அடுத்தது எட்டு. மூன்று வீட்டு டின்கள் முடிவதற்குள் மேசையில் இடம் போதவில்லை. கமிட்டிக்காரர்கள் தங்கள் ஞானப்பாட்டுப் புத்தகங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். சார் கேட்டார், ஒரு நாளைக்கு ஒரு நடையா? “ரெண்டு. வெயில் காலத்துல மூணு.” மழைக்கு என்ன செய்வீர்கள்? “மழைக்குக் கூரைத் தண்ணிய புடிச்சுக்குவோம்.” முதல் நாள் கணக்கு எங்கே, ஏழு நாள்தானே இருக்கிறது, எட்டு நாள் என்று இந்தப் பெண் சொன்னாளே என்று என்னைக் காட்டினார்.

அது நான் சாரிடம் முன்பே உளறி வைத்தது.

“மொத நாளு புள்ளைங்க தப்பாப் போட்டுதுங்க. கொட்டிட்டேன்” என்றாள் அவள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தாளில் பென்சிலால் போட்டிருந்த வட்டத்தை ரப்பரால் நிதானமாக அழித்தார். அந்தப் பென்சில் வட்டம் அழிந்ததைப் பார்த்து நான் அழுதேன். கொஞ்சம் சத்தமாகவே அழுதேன் போலிருக்கிறது. கமிட்டியில் ஒரு அம்மா கைக்குட்டை கொடுத்தார்கள். கூலிக்காரர் தெருக் கிணற்றுக்கு இன்னொரு ராட்டினமும் சேந்து கயிறும் போட்டுத் தருவதென்றும் அன்றைக்கே முடிவாயிற்று.

“இந்த அறிக்கையை யார் தயாரிச்சதுன்னு போடறது?” என்று சார் கேட்டார். என் அழகான கையெழுத்தில் என் பெயர் ஏற்கெனவே அடியில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் தன் பெயரையும் அண்ணன் பெயரையும் என் பெயருக்கு மேலே எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்தத் தாளில் அதைவிட நல்ல கையெழுத்து வேறு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

கிணறு எங்கே வெட்டுவது என்பதையும் அந்தக் குடியிருப்புக்காரர்களே கூடிப் பேசி, குடிசைகளுக்கு நடுவில் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் என்று சொன்னார்கள். வெட்டி முடிக்கிற வரையில் தோப்புப் படல் திறந்தேதான் இருந்தது. காவல்காரர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் தண்ணீர் சேந்திய நாளில் நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சார் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் விடுப்பு எடுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை. குழந்தைகள் பழக்கம் விடாமல் டின்களை வாசலில் வைத்துவிட்டு, கைநிறையக் கொட்டையோடு கரைமேல் ஏறி நின்றார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிணற்றில் சேந்தினாள், நிறைகுடத்தோடு வீட்டுக்கு வந்து இறக்கி வைத்தாள், சட்டப்படி டின்னை உள்ளே எடுத்தாள்.

அப்புறம்தான் தூரத்தில் ஊதல் கேட்டது. முதல் நாள் ‘வரும்ல’ என்று நாலு கொட்டை போட்ட பயல் கரையிலிருந்து ஓடிவந்தான். வாசலில் டின் இல்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எக்கா, வண்டி வர்றதுக்கு முன்னாலயே வந்துட்டியே! நான் எப்பப் போடறது?”